கேமரா எழுந்தருளிய விமானம்

மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டு நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் பறக்கும்போது ஒரு கேமராவைக் கீறல் படாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கு உலகம் இன்னும் தட்டுத்தடுமாறி விடை தேடிக்கொண்டிருக்கிறது. பாவம், உலகத்துக்கு விஷயம் தெரியாது. விடை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நீல அட்டை போட்ட ஒரு நடவடிக்கைக் குறிப்பேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறது. அந்த மாபெரும் சாதனையில் செவிலிமேட்டுத் தாவீதுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. கேமரா அவனுடையது.

தாவீதுக்கு நாற்பத்து மூன்று வயது. செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இருபத்தோரு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறான். எந்த மண்டபமானாலும் முதல் ஆளாக நுழைந்து, கடைசிப் பந்தியில் ரசத்தோடு முடித்துக்கொண்டு வருவான். யாரும் அவனை 'வாங்க' என்று சொன்னதில்லை. 'வந்துட்டியா' என்று கேட்டிருக்கிறார்கள். விமானத்தை அவன் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறான். மேகத்தையும் அப்படித்தான்.

அப்படிப்பட்டவனைத் தேடி ஒரு நாள் பஞ்சாட்சரத்திடமிருந்து ஆள் வந்தது. பஞ்சாட்சரம் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் தலைவர். பதினேழு வருடமாகத் தலைவராக இருப்பதால், வீட்டையும் சங்கம் மாதிரியே நடத்துகிறார். அவர் வீட்டில் இட்லியா தோசையா என்பதற்குக்கூட முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். அவருடைய ஒரே மகள் காயத்ரிக்குச் சூரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மூன்று தலைமுறையாக அங்கே ஜரிகை வியாபாரம் செய்கிற தமிழ்க் குடும்பம். கல்யாணம் சூரத்தில்தான். போட்டோவுக்கு உள்ளூரிலேயே ஆள் வைத்துவிடுகிறோம் என்று சம்பந்தி வீட்டார் சொன்னதைப் பஞ்சாட்சரம் ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்தார். வாடாமல்லிப் பட்டை ஊதா என்று எடுத்துவிடுவான் அந்த ஊர்க்காரன். அரக்கு நிறத்தில் விழும் வெளிச்சம் எது, மயில்கழுத்தில் விழும் வெளிச்சம் எது என்பதெல்லாம் தாவீதுக்குத்தான் தெரியும்.

ஆகவே விமான டிக்கெட் இருபத்து மூன்று எடுக்கப்பட்டது. உறவினர் இருபத்திரண்டு பேர். இருபத்து மூன்றாவதாக, தட்டச்சு செய்த பட்டியலின் அடியில், 'தாவீது' என்று இருந்தது.

அந்தப் பட்டியலைத் தாவீது போட்டோ எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு கல்யாண வீட்டுக் கணக்கில் ஆள் என்று அவனை எண்ணியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து மனைவி சம்பூர்ணத்திடம் சொன்னான். சம்பூர்ணம் சர்ச்சில் சொன்னாள். சர்ச்சிலிருந்து செய்தி பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் ஏறி ஏனாத்தூர் வரை போய்விட்டது. ஏனாத்தூரில் அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் போன் செய்து, ஜன்னல் சீட்டாகக் கேட்டு வாங்கச் சொன்னான். சம்பூர்ணம் நீலச் சட்டையை மூன்று நாள் முன்கூட்டியே இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டிவிட்டாள்.

இந்தச் சந்தோஷத்தில் தாவீது ஒரு தவறு செய்தான். ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தான். விமான நிலையங்களில் பெட்டிகளைத் தூக்கி வீசுகிற வீடியோக்களை அவன் போனில் பார்த்திருந்தான். அதனால், கேமராப் பையை மற்றச் சாமான்களோடு அடியில் போட வேண்டாம், கையிலேயே எடுத்துக்கொண்டு ஏற வேண்டும், அவ்வளவுதான் என்று பஞ்சாட்சரத்திடம் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுத்து மூலமா குடுப்பா" என்றார்.

தாவீது எழுதிக் கொடுத்தான். அந்த அரைப் பக்கக் காகிதத்திலிருந்து பிறந்ததுதான் 'காயத்ரி திருமண விமானப் பயணக் கேமராப் பாதுகாப்பு உபகுழு'. தலைவர் பஞ்சாட்சரம். செயலாளர் அவருடைய அண்ணன் மகன் கதிர்வேல். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதால், 'ரிஸ்க்', 'ப்ராசஸ்' போன்ற கனமான பொருள்களைச் சர்வசாதாரணமாகத் தூக்கக்கூடியவன். உறுப்பினர்கள், பஞ்சாட்சரத்தின் மனைவி கலாவதியும் கலாவதியின் தம்பி ராமராஜனும். தாவீது சிறப்பு அழைப்பாளர். சிறப்பு அழைப்பாளர் பேசலாம், ஓட்டுப் போட முடியாது, டீ உண்டு.

முதல் கூட்டம் பஞ்சாட்சரம் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கேமராப் பையைப் பட்டு எடை போடும் தராசில் வைத்தார்கள். ஒரு இழை ஜரிகை கூடினாலும் காட்டிக்கொடுக்கும் தராசு அது. பதினான்கு கிலோ முந்நூற்று இருபது கிராம் என்று காட்டியது. கையில் எடுத்துப் போக விமானக் கம்பெனி அனுமதிப்பது ஏழு கிலோ. கூடம் கவலையில் ஆழ்ந்தது. அந்தக் கவலை உண்மையானது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெண் ஊரை விட்டுப் போகிறதற்குக்கூட அவர்கள் அவ்வளவு கவலைப்பட்டுத் தாவீது பார்த்ததில்லை.

கேமராவைப் பிரித்து, ஆளுக்கு ஒரு லென்ஸாக உறவினர்களின் கைப்பையில் போட்டுவிடலாமே என்று தாவீது சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் கலாவதி தலையை ஆட்டிவிட்டார். அந்த வீட்டில் முகூர்த்தப் பட்டை எதற்கும் அடியில் வைக்கும் வழக்கம் இல்லை. ஊரார் செருப்பும் ஊறுகாய் ஜாடியும் போகிற இடத்தில் அது போகாது, மடியில்தான் போகும். கூறைப்புடவை, நிச்சயப் புடவை, சம்பந்தியம்மாவுக்கு வைத்துக் கொடுக்கிற புடவைகள் என்று பெண்கள் கைப்பை ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஆறு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. ஆண்களின் பைகளில் சீர்வெள்ளி. ஒரு லென்ஸ் மூடிக்குக்கூட இடமில்லை.

இரண்டாவது கூட்டத்தில் கதிர்வேல் ஒரு பெரும் கண்டுபிடிப்போடு வந்தான். வீணை, கேமரா மாதிரி மென்மையான பொருள்களுக்குத் தனியாக ஒரு இருக்கையே எடுக்கலாமாம். பெல்ட் போட்டு உட்கார வைக்கலாமாம். ஒரு கேமராவுக்கு இவ்வளவு மரியாதையா என்று தாவீதுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. தன் பக்கத்து இருக்கையில் அது உட்கார்ந்து வருவதாக அவன் நினைத்துக்கொண்டான்.

சிக்கல் ஒன்றே ஒன்று. விமானம் நிறைந்துவிட்டது. புதிய இருக்கை இல்லை. எடுத்த இருபத்து மூன்றில் ஒன்றைத்தான் கேமராவின் பேருக்கு மாற்ற முடியும்.

பஞ்சாட்சரம் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். மணப்பெண்ணை விட முடியாது. பெற்றவர்களை விட முடியாது. ராமராஜன் தாய்மாமன், தாய்மாமன் இல்லாமல் மாலை எடுத்துக் கொடுப்பது யார். பெண்ணின் அத்தை, நாத்தனார் முடிச்சுக்கு வழிகாட்ட வேண்டும். பங்காளி குமரகுரு எந்த வேலைக்கும் வரமாட்டார். ஆனால் அவரை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. இப்படியே இருபத்திரண்டு பேரும் இன்றியமையாதவர்கள் என்று ஒவ்வொருவராக நிரூபணம் ஆனார்கள். பட்டியலில் மிச்சம் ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"தாவீது, கேமரா உன்னுதுதானே?" என்றார் பஞ்சாட்சரம்.

"ஆமாங்க தலைவரே."

"அது ஏறினா நீ ஏறின மாதிரிதானே?"

வேண்டுகோள் வைத்தது தாவீதுதானே, கேமரா பத்திரமாக வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அவன்தானே. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அங்கே போட்டோ யார் எடுப்பது என்று மெதுவாகக் கேட்டான். அவனேதான், அதில் என்ன சந்தேகம் என்றார்கள். அவன் ரயிலில் வந்துவிடுவான். 'யாருக்கும் மனத்தாங்கல் வராதிருக்கும் பொருட்டு, கேமராவும் கேமராக்காரரும் ஒரே நாளில் புறப்படுவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கதிர்வேல் பச்சை மையில் எழுதினான்.

தாவீது வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டான். விமானம் செவ்வாய்க்கிழமை முற்பகல் சென்னையில் ஏறி மதியம் சூரத்தில் இறங்கும். ரயில் அதே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் ஏறி, மறுநாள் புதன்கிழமை மாலை நாலு மணிக்குச் சூரத்தில் இறங்கும். முகூர்த்தம் புதன்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது. இதை அவன் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது. திங்கட்கிழமை ரயிலுக்கு மாற்றிவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தான்.

"தீர்மானம் எழுதியாச்சேப்பா," என்றார் பஞ்சாட்சரம், நிஜமான வருத்தத்தோடு. "மாத்தணும்னா பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுக்கணும். கல்யாணத்துக்கு பன்னெண்டு நாள்தான் இருக்குது. நீ ஏன் கவலப்படறே, கேமராதான் முன்னாடியே போயிடுதே."

முகூர்த்தத்தை மட்டும் ராமராஜன் எடுப்பது என்றும், வரவேற்பிலிருந்து தாவீது எடுப்பது என்றும் முடிவானது. எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று ராமராஜனுக்கு அங்கேயே பயிற்சி அளிக்கப்பட்டது. அவர் ஒரே அமுக்கில் கற்றுக்கொண்டார்.

கேமராவைத் தரமாட்டேன் என்று தாவீது அப்போதே சொல்லியிருக்கலாம். சம்பூர்ணம் அதைத்தான் சொன்னாள். கொடியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே, "மெஷினுக்கு சீட்டு, மனுஷனுக்கு இல்லியா? நீ போவாத" என்றாள். ஆனால் பஞ்சாட்சரம் வீட்டில் 'முடியாது' என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அவன் அப்பாவுக்கும் இருந்ததில்லை. அதோடு, இரண்டாவது கூட்டம் முடிந்து அவன் செருப்பு மாட்டும்போது காயத்ரி வாசல் வரை வந்து, "நீங்க எடுத்தாதாண்ணா எனக்கு பயமில்லாம சிரிக்க வரும். எப்படியாவது வந்துடுங்க" என்று சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் யாராவது வராமல் போவார்கள், குமரகுருவுக்குக் காய்ச்சல் வரும் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. குமரகுரு அந்தப் பன்னிரண்டு நாளும் கல் மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்.

மூன்றாவது கூட்டம் பேட்டரி பற்றியது. விமானத்தில் பேட்டரி தீப்பிடிக்கும் என்று கதிர்வேல் போனில் பாதிப் பக்கம் படித்திருந்தான். மீதிப் பக்கத்தில், அதனால் பேட்டரியைப் பயணிகள் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அடியில் போகும் பெட்டியில்தான் போடக் கூடாது என்று இருந்தது. தாவீது அதைச் சொன்னான். ஒரு விமானத்தில் இருபத்திரண்டு உயிரும் ஒரு கேமராவும் போகும்போது இந்த மாதிரி விஷப்பரீட்சை வேண்டாம் என்று உபகுழு கருதியது. பேட்டரிகள் அனைத்தும் தாவீதோடு ரயிலில் அனுப்பத் தீர்மானம் ஆனது. உள்ளே இருக்கிற ஒன்றையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டான். ஒன்றானாலும் பேட்டரி பேட்டரிதான் என்றான் கதிர்வேல். பேட்டரி இல்லாமல் எப்படிப் படம் எடுப்பது என்ற கேள்வி தனிப் பொருளாக இருந்ததால், அன்றைய நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை.

பிறகு கேமராவைக் கட்டினார்கள். கண்காட்சிக்குப் பட்டு அனுப்புகிற மாதிரியே, புது மல் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க நடுவில் நாலு துண்டு வசம்பு வைத்து, நூலால் கட்டி, கலாவதி கையால் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள். கேமராவைப் பூச்சி அரிக்காது என்று தாவீது சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். பட்டையே விடாத பூச்சி கேமராவை விடுமா.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரயில் புறப்பட்டது. தாவீது நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஸ்டாண்டு, தலைமாட்டில் விளக்குகள், மடியில் ஒரு டிபன் டப்பா நிறைய பேட்டரி. கூட்டம் நெருக்கியது. டப்பாவில் சாப்பாடு இருக்கிறதென்று எண்ணி எதிர் இருக்கைக் குழந்தை ஒன்று அதையே பார்த்துக்கொண்டு வந்தது.

பத்தே முக்கால் மணிக்குக் கதிர்வேலின் முதல் 'அறிக்கை' போனில் வந்தது. கேமரா பாதுகாப்புச் சோதனையில் இருக்கிறது. துணியைப் பிரித்த அதிகாரி, வசம்பை முகர்ந்து பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டாராம். இதை யார் கட்டியது என்று கேட்டதற்கு, ஒரு உபகுழு கட்டியது என்று ராமராஜன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கேமரா உங்களுடையதா என்றதற்கு, இல்லை, தாவீதுடையது என்றிருக்கிறார். தாவீது எங்கே என்றதற்கு, ரயிலில் என்றிருக்கிறார். அவர் ஏன் ரயிலில் என்றதற்கு, அவருடைய இருக்கையில் கேமரா உட்காருவதால் என்றிருக்கிறார். அதிகாரி சற்று நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாராம். கடைசியில் கதிர்வேல் குறிப்பேட்டை எடுத்து, மூன்று தீர்மானங்களையும் இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு, இவர்களால் நாட்டுக்கு ஆபத்து எதுவும் வராது என்று அவருக்கே நம்பிக்கை வந்து உள்ளே விட்டுவிட்டார்.

அடுத்த அறிக்கை வானத்திலிருந்து இறங்கியதும் வந்தது. கேமரா பன்னிரண்டு ஏ இருக்கையில், ஜன்னலோரத்தில் எழுந்தருளியது. ராமராஜன் பெல்ட் போட்டுவிட்டார். சாப்பாட்டோடு எடுத்த டிக்கெட் என்பதால் கேமராவுக்கும் ஒரு தட்டு வந்தது. வீணாகக் கூடாதே என்று அதையும் அவரே சாப்பிட்டார்.

"மேகம் தெரிஞ்சிதா கதிரு?" என்று தாவீது கேட்டான்.

"எங்க தெரியறது? ஜன்னல கேமரா மறைச்சிக்கினு இருந்துச்சிண்ணா. அதும் மூஞ்சில துணி."

தாவீது போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தான். ஆந்திரத்து வெயிலில் புளியமரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. மேலே மேகம் இருந்தது. வழக்கம்போல் அதன் அடிப்பக்கம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்குப் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து ராமராஜன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"தாவீது, பட்டன அமுக்கறேன். ஒண்ணும் ஆவல."

"பேட்டரி என்கிட்ட இருக்குதுங்களே."

அந்தப் பக்கம் பட்டனை இன்னும் இரண்டு முறை அமுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ராமராஜன் யோசனையோடு கேட்டார்: "நீ அங்கேர்ந்தே எதனா பண்ண முடியுமா பாரேன்."

தாவீது மடியிலிருந்த டிபன் டப்பாவைப் பார்த்தான். அதற்குள் அவர் போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டார். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று பஞ்சாட்சரத்தின் குரல் கேட்டது. மேளம் எழும்பியது. இருபத்தோரு வருடத்தில் கெட்டிமேளம் கேட்டு அவன் கை சும்மா இருந்தது கிடையாது. விரல் தானாகவே மடங்கிக் காற்றை அமுக்கியது. ஜன்னலுக்கு வெளியே மகாராஷ்டிரத்து வாழைத் தோட்டங்கள் மைல் கணக்கில் போய்க்கொண்டிருந்தன. காயத்ரி இப்போது தலை குனிந்திருப்பாள், இப்போது நிமிர்ந்திருப்பாள், இப்போது அவனைத் தேடியிருப்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. எதிர் இருக்கைக் குழந்தை, டப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்ததால்தான் அழுகிறார் என்று பயந்து தன் அம்மாவோடு ஒட்டிக்கொண்டது.

மாலை நாலு மணிக்கு ரயில் சரியான நேரத்தில் சூரத்தை அடைந்தது. அரை மணியில் தாவீது மண்டபத்துக்கு வந்துசேர்ந்தபோது வாசல் வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, முன்வரிசை நடு நாற்காலியில், கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு கேமரா உட்கார்ந்திருந்தது. முகூர்த்தத்தை இருபது பேர் இருபது போனில் எடுத்திருந்தார்கள். எல்லாப் படத்திலும் யாராவது ஒருவருடைய முழங்கை தாலியை மறைத்தது. எல்லாப் படத்திலும் கேமரா தெளிவாக விழுந்திருந்தது. வாடாமல்லிப் பட்டு இருபதிலும் ஊதாதான்.

பஞ்சாட்சரம் ஓடிவந்து தாவீதின் கையைப் பிடித்துக் கேமராவிடம் அழைத்துப் போனார். துணியை விலக்கி, கண்ணில் ஈரத்தோடு காட்டினார். "பாருப்பா. ஒரு கீறல் இல்ல. நீ எப்படிக் குடுத்தியோ அப்படியே இருக்குது."

உண்மைதான். ஒரு கீறல் இல்லை. உபகுழு சுற்றி நின்று அவன் முகத்தைப் பார்த்தது. தாவீது நன்றி சொன்னான். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்.

காயத்ரிதான் அவனைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அந்த மண்டபத்தில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். பந்தி எப்போதோ முடிந்திருந்தது. அவளே உள்ளே போய் இரண்டு லட்டும் கொஞ்சம் தயிர்ச் சாதமும் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, அப்பாவிடம் திரும்பி, திரும்பிப் போகும்போது அந்த இருக்கையில் தாவீது அண்ணன்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மறுவீட்டுக்கு நான் காஞ்சிபுரம் வரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அவசரக் கூட்டம் கூடியது. மணப்பெண் முன்மொழிய, கலாவதி வழிமொழிய, 'திரும்பும் பயணத்தில் பன்னிரண்டு ஏ இருக்கையில் திரு. தாவீது அவர்கள் அமர்வது, கேமரா அவர் மடியில் அமர்வது' என்று பலத்த கைதட்டலுக்கிடையே தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவை கதிர்வேல் 'திரு' போட்டதைத் தாவீது கவனித்தான். அன்றிரவு வரவேற்பில் அவன் எடுத்த படங்கள் அவன் வாழ்நாளிலேயே சிறந்தவை. காயத்ரி பயமில்லாமல் சிரித்தாள். சம்பூர்ணத்துக்குப் போன் போட்டு, ஜன்னலோர சீட்டு, பன்னிரண்டு ஏ என்று மூன்று தடவை சொன்னான். நீலச் சட்டையை விடுதிக் குளியலறையில் தானே துவைத்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்தினான்.

வெள்ளிக்கிழமை காலை சூரத் விமான நிலையத்தில் இருபத்தோரு உறவினர்களும் அவனும் வரிசையில் நின்றார்கள்; காயத்ரி புகுந்த வீட்டில் தங்கிவிட்டாள், அவளுக்கு எடுத்தது வருகிற டிக்கெட் மட்டும்தான். கேமராவைப் பொறுப்பாளர் ராமராஜன் கழுத்தில் மாட்டியிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் சுகாசினி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். சேலத்துப் பெண். தமிழில் பேசியதும் பஞ்சாட்சரத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் பட்டியலைப் பார்த்தாள், தாவீதைப் பார்த்தாள், மறுபடியும் பட்டியலைப் பார்த்தாள்.

"பன்னெண்டு ஏ சாமானுக்கு எடுத்த சீட்டு சார். ஆளுக்கு மாத்த முடியாது."

பஞ்சாட்சரம் பொறுமையாக விளக்கினார். முதலில் அது ஆளுக்கு எடுத்ததுதான், பிறகு சாமானுக்கு மாற்றியது, இப்போது மறுபடியும் ஆளுக்கு. ஆளைச் சாமானாக மாற்ற முடியும், சாமானை ஆளாக மாற்ற முடியாது என்றாள் அவள். அதுதான் விதியாம். வேறு இருக்கையும் இல்லை; விமானம் நிறைந்துவிட்டது. தாவீது தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே நின்றான். இருபத்தோரு பேரில் ஒருவராவது, நான் ரயிலில் வருகிறேன், நீ ஏறு என்று சொல்வார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டானே தவிர, ஒவ்வொரு முகமாகப் பார்க்கத்தான் செய்தான். குமரகுரு சுவரில் இருந்த விளம்பரத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

கவுண்டர் முன்னாலேயே உபகுழு கூடியது. பின்னால் நின்ற குஜராத்திகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் பஞ்சாட்சரம் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். மனிதநேயம் மிக்க ஒரு தீர்வு கிடைத்திருந்தது.

"அப்ப இவரையும் சாமான்னே எழுதிக்கம்மா. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல."

சுகாசினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. கையிலிருந்த படிவத்தைப் புரட்டி, "சாமான்னா நான் மூணு கேள்வி கேட்டாகணும் சார்" என்றாள்.

"கேளும்மா."

"யாருது?"

"எங்களுதுதான்." பஞ்சாட்சரம் பாசத்தோடு தாவீதின் தோளில் கை போட்டார்.

"எடை?"

அறுபத்திரண்டு இருக்கும் என்று கதிர்வேல் எடுத்துக் கொடுத்தான்.

"உடையற பொருளா?"

பஞ்சாட்சரம் பொறுப்பானவர். ஒரு புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பழுது பார்க்கிற மாதிரி, தாவீதைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"உடையாதும்மா," என்றார். "வரும்போது முப்பது மணி நேரம் ரயில்ல போட்டுத்தான் அனுப்பிச்சோம். ஒண்ணும் ஆவல பாரு."

தாவீது தன் தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்து அதன் சொந்தக்காரரிடம் விட்டான். ராமராஜன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான். அவள் வழி சொன்னாள். இரண்டடி போனவன் திரும்பி வந்து, அவள் கையில் இன்னும் காலியாக இருந்த படிவத்தைப் பார்த்து, யாருடைய அனுமதியும் கேட்காமல் சொன்னான்:

"உடையும்மா."